படகு ரெசினும் இடம் மாறிய வால்வும்: சிறு விமானம் பற்றிய வாசகர் கேள்விகள்

கல்லூரிப் பிள்ளைகள் கட்டும் குட்டி விமானத்தின் இறக்கையில் விரிசல். நான் பைபர் படகு வேலை செய்பவன். படகு ரெசினையே பூசிக் கொடுக்கலாமா? – வாசகர், மண்டபம்

தயவுசெய்து வேண்டாம். உங்கள் கைவேலையில் குறை இல்லை, பொருள்தான் வேறு. படகுக்குப் பூசும் பாலியஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் உண்டு. இறக்கைக்குள் இருப்பது தெர்மாகோல் வகை நுரை என்றால் அதைக் கரைத்துவிடும். ஒரு தெர்மாகோல் துண்டில் ஊற்றிப் பாருங்கள், கண்ணெதிரே குழி விழும். இறக்கைக்குள் விழும் குழி வெளியே தெரியாது. வரைபடத்தில் சொன்ன எபாக்சி என்ற வேறு வகை ரெசின்தான், அதையும் வடிவமைத்தவரிடம் கேட்ட பிறகு.

காக்பிட்டுக்குள் பெட்ரோல் குழாய் வராமலிருக்க, டேங்க் மாற்றும் வால்வை இருக்கைக்குப் பின்னால் வைக்கிறோம். பாதுகாப்புதானே? – பொறியியல் மாணவர், ராமநாதபுரம்

தம்பி, இதே நல்லெண்ணத்தில் செய்த மாற்றம் ஓர் உயிரைக் குடித்திருக்கிறது. அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டிய லாங்-ஈஸி என்ற சிறு விமானம், வேறொருவர் சொந்தமாகக் கட்டியது. வரைபடப்படி வால்வு விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கட்டியவரோ இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். திருப்ப வேண்டுமானால் உடம்பை முறுக்க வேண்டும். முறுக்கும்போது வலது கால் தன்னையறியாமல் ரடர் பெடலை, அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் திருப்பும் மிதியை, அழுத்திவிடும். டேங்கில் எரிபொருளும் குறைவு. வால்வு இருந்த இடத்தையும் விசாரணை ஒரு காரணமாகச் சொன்னது.

கட்டியவர் ஒருவர், வாங்கிப் பறந்து இறந்தவர் இன்னொருவர். அதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. நாளை நீங்கள் படிப்பு முடித்துப் போனபின் உங்கள் ஜூனியர் அதில் உட்காருவார். பெல்ட்டை இறுக்கிக் கட்டி, கண்ணை மூடிக் கை நீட்டினால் வால்வு எட்ட வேண்டும். எட்டாத இடம் எதுவும் வேண்டாம்.

உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காது என்று எல்லா போல்ட்டையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றிவிட்டோம். – பாம்பன்

திரும்ப மாற்றுங்கள். உப்பு ஈரத்தில் ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் ஒட்டியிருந்தால் அலுமினியம்தான் அரிபடும். போல்ட் பளபளக்கும், அதைச் சுற்றியுள்ள தகடு போய்விடும். கடை போல்ட்டின் வலிமையும் விமான போல்ட்டின் வலிமையும் ஒன்றல்ல.

எய்லரானுக்கு (இறக்கையின் பின்விளிம்பில் கீலில் அசையும் பலகை) இன்னொரு கோட் பெயின்ட் அடித்தால் என்ன? – கீழக்கரை

கீலுக்குப் பின்னால் எடை கூடும். வேகத்தில் அது படபடத்து, சில நொடிகளில் இறக்கையையே பிய்த்துவிடலாம். பெயின்ட் அடித்தால் மறுபடி பேலன்ஸ் பார்த்தே ஆக வேண்டும்.

டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அனுமதிக்கு முன், ஆளில்லாத மணலில் பத்தடி மட்டும் எழுப்பிப் பார்க்கலாமா? – உச்சிப்புளி

கூடாது. பத்தடியும் பறப்புதான், முதுகெலும்பு முறிய அது போதும். உங்கள் ஊரிலேயே கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத் தளம் வேறு இருக்கிறது. எஞ்சினைச் சோதிக்க வேண்டுமா, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வாலைக் கயிற்றால் கட்டித் தரையிலேயே ஓட்டுங்கள். சிமென்ட் தரையாகப் பாருங்கள், மணல் புரொப்பெல்லரை அரித்துவிடும்.