அப்பா பக்கத்தில் இருந்தாலே பதற்றம்

கேள்வி: எனக்கு 18 வயது. எழுத்துத் தேர்வில் தேறி, கார் ஓட்டப் பழகுநர் உரிமம் வாங்கிவிட்டேன். ஆனால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்ததும் கைகால் நடுங்குகிறது, வண்டி ஆஃப் ஆகிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் வாழ்த்துகள். என் மகள் பழகிய முதல் நாள், கிளட்சைச் சட்டென்று விட்டதில் வண்டி நாலு முறை குலுங்கி நின்றது. நாலாவது தடவை நான் கத்திவிட்டேன். அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அந்த முகத்தை இன்னும் நான் மறக்கவில்லை.

அப்புறம் நாங்கள் இப்படிச் செய்தோம். ஆளில்லாத சமதளம்; ஆக்சிலரேட்டரைத் தொடவே கூடாது. முதல் கியரில் கிளட்சை மெல்ல, மிக மெல்ல விட வேண்டும். ஓரிடத்தில் வண்டி லேசாக அதிர்ந்து ஊரத் தொடங்கும். அந்த இடத்தைக் கால் கண்டுபிடிக்கும்வரை வேறு எதுவும் வேண்டாம். 20 நிமிடம் போதும், களைப்போடு பழகாதீர்கள். அப்பாவிடம், கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள்: ஓடும்போது "மெதுவா", "நிறுத்து" இரண்டு சொல்தான். மற்றதெல்லாம் வண்டி நின்ற பிறகு.

சரி, பயம் தெளிந்தபின் ஒன்று. மணிக்கு 60 கிலோமீட்டரில் வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடும். இரண்டு நொடி போனைப் பார்த்தால் 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போன மாதிரி. வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் நாலு மடங்காகும். நண்பர்களை ஏற்றிக்கொள்ள அவசரப்படாதீர்கள். நியூசிலாந்து 1987-லேயே இளம் ஓட்டுநர்களுக்குப் படிப்படியான உரிம முறையை (முதலில் கட்டுப்பாடுகளோடு, பிறகுதான் முழு உரிமம்) கொண்டுவந்தது இதற்காகத்தான்.

இந்த வாரம் கிளட்ச் மட்டும். கைவந்ததும் எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.