பலூன் விளையாட்டில் தோற்றேன், வழக்குப் போடலாமா?

கேள்வி: பன்னாட்டு நிறுவனம் ஒன்றில் கணக்காய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்தேன். நேர்காணலுக்கு முன்பே கணினியில் விளையாடச் சொன்னார்கள். பலூனுக்குக் காற்றடிப்பது, ஒரே விசையை வேகவேகமாகத் தட்டுவது என்று ஏழெட்டு விளையாட்டுகள். ஒரு விபத்துக்குப் பிறகு என் வலது கை விரல்கள் சரியாக மடங்குவதில்லை. அன்றே நிராகரித்துவிட்டார்கள். வேறொரு மின்னஞ்சலில், என் பெயரிலேயே, என் தங்கையை விளையாடச் சொன்னேன். அவள் தேறிவிட்டாள், நேர்காணலுக்கு அழைப்பே வந்துவிட்டது! இந்த ஆதாரம் போதுமா?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் அவமானம்தான். பதினோரு ஆண்டு அனுபவத்தை யாரும் பார்க்கவில்லை, சின்னப் பிள்ளை விளையாட்டு, நிராகரிப்புக் கடிதத்தில் பெயரைக்கூடத் தப்பாக எழுதியிருந்தார்கள். இவை எதற்கும் சட்டத்தில் மருந்து கிடையாது. பலூனை எவ்வளவு தூரம் துணிந்து ஊதுகிறீர்கள் என்பதை வைத்து இடருக்குத் துணியும் குணத்தை அளக்கிறார்களாம். கணக்காய்வாளருக்கு அந்தக் குணம் கூட இருக்க வேண்டுமா, குறைய இருக்க வேண்டுமா என்று எனக்கும் விளங்கவில்லை. ஆனாலும் விளையாட வைத்து ஆளெடுப்பது குற்றமில்லை.

வழக்காக நிற்கக்கூடியது ஒன்றுதான். கணக்காய்வுக்கு விரல் வேகம் தேவையில்லை. அந்த விளையாட்டு அளந்ததோ விரல் வேகத்தை. நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம், அமெரிக்காவின் 1990 மாற்றுத்திறனாளிகள் சட்டம் எல்லாவற்றிலும் நியாயமான மாற்று ஏற்பாடு செய்து தருவது என்ற கருத்து உண்டு. யாருக்கு, எந்த அளவுக்கு என்பதுதான் இடத்துக்கு இடம் மாறும்.

சரி, அந்த ஏற்பாட்டை நீங்கள் கேட்டீர்களா? பிரிட்டனில் அரசின் சட்டத் துறை வேலைக்கு விண்ணப்பித்த ஆஸ்பெர்கர் நிலை (ஆட்டிசத்தில் ஒரு வகை) உள்ள ஒருவர், கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுக்குப் பதிலாகச் சிறு விடைகளாக எழுத அனுமதி கேட்டார். மறுத்துவிட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டிலும் அவரே வென்றார். தேர்வுக்கு முன்பே கேட்டிருந்தது அவருடைய பெரிய பலம். நீங்களோ தொடக்கத் திரையில் ‘சிறப்பு வசதி தேவையா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று கொடுத்திருக்கிறீர்கள். சொன்னால் கழித்துவிடுவார்கள் என்ற பயம் எனக்குப் புரியாமலில்லை. ஆனால் எங்களுக்கு எப்படித் தெரியும் என்று நிறுவனம் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. பிரிட்டன் சட்டத்தில் தெரியாத, தெரிந்திருக்க வழியுமில்லாத நிறுவனத்துக்கு அந்தக் கடமையே எழாது.

இத்தோடு நின்றிருந்தால் நொண்டி வழக்கு என்று சொல்லி முடித்திருப்பேன். தங்கையை உட்கார வைத்தீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குக் கவலை.

அதை ஆதாரம் என்கிறீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஆள்மாறாட்டம் என்பார். இந்தியாவில் கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. உங்கள் மேல் அதைப் போட்டுவிடுவார்கள் என்று பயமுறுத்தவில்லை. அந்தப் பிரிவின் பெயரை அவர் ஒருமுறை சொன்னாலே உங்கள் விரல்களைப் பற்றி அப்புறம் யாரும் பேச மாட்டார்கள். தேர்வைச் சோதித்துத்தான் பார்த்தேன் என்ற விளக்கமும் எடுபடாது, அழைப்பு வந்த பிறகும் நீங்கள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவில்லையே.

இன்னொரு பொறி. ஐரோப்பிய ஒன்றியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் பொருந்துமானால், உங்களைப் பற்றிய தரவைக் கேட்டு வாங்கலாம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். முடிவை முழுக்க எந்திரமே எடுத்திருந்தால், ஒரு மனிதர் மறுபடி பார்க்கச் சொல்லும் உரிமையும் உண்டு. இணையத்தில் படித்துவிட்டு எல்லோரும் முதலில் எடுக்கும் ஆயுதம் இது. நீங்கள் கேட்ட உடனே அங்கே ஒருவர் பதிவுகளைத் திறப்பார். ஒரே பெயர், இரண்டு மின்னஞ்சல், ஒருவேளை ஒரே கணினி. மாட்டிக்கொள்ளப் போவது நீங்கள்.

என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான் நண்பரை வைத்துத் தேர்வெழுதி வேலையிலும் சேர்ந்துவிட்டார். ஓராண்டு நன்றாகத்தான் போனது. பதவி உயர்வுக்கு ஆவணங்களைச் சரிபார்த்தபோது பிடிபட்டார். வேலை போனதோடு விடவில்லை, அனுபவச் சான்றிதழும் கிடைக்கவில்லை. அதற்குமேல் அவருக்காக வாதாட என்னிடம் ஒன்றுமில்லை.

ஆகவே சமாதானமாகப் போங்கள். மேலே சொன்ன பிரிட்டன் வழக்கில் அத்தனை போராட்டத்துக்கும் கிடைத்த இழப்பீடு 860 பவுண்டு, கூடவே எழுத்தில் மன்னிப்புக் கேட்கும்படி ஒரு பரிந்துரை. இரண்டாவது விண்ணப்பத்தை ஒரே வரியில் இன்றே திரும்பப் பெறுங்கள். மின்னஞ்சல் எதையும் அழிக்காதீர்கள், அழித்தால் அது தனிக் குற்றச்சாட்டாகும். பிறகு முதல் விண்ணப்பத்தைக் குறிப்பிட்டு, விரல் குறைபாட்டைச் சொல்லி, மருத்துவச் சான்றோடு, வேறு முறையில் மதிப்பிடும்படி கேளுங்கள். மதிப்பெண்ணையோ மான நட்டத்தையோ இழுக்க வேண்டாம். தங்கையைப் பற்றி அவர்களே கேட்டால் பொய் சொல்லாதீர்கள். அந்தக் கடிதம் போவதற்கு முன் உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். மறுதேர்வோ நேரடி நேர்காணலோ தந்தால் வாங்கிக்கொண்டு போங்கள், பழைய கணக்கைத் தீர்க்க நிற்காதீர்கள்.

தங்கை வாங்கித் தந்த நேர்காணலுக்கு மட்டும் போய்விடாதீர்கள். அது எந்தத் தேதி என்று நீங்கள் எழுதவில்லை.