30-க்கு 27 வந்த பிறகும் மறதி ஏன்?

கேள்வி: என் வயது 43. பெங்களூரு அல்சூரில் வசிக்கும் நான், தனியார் பள்ளியொன்றில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். உடலின் நோய் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்குப் பல ஆண்டுகளாக மருந்து எடுத்து வருகிறேன். சில மாதங்களாகக் கரும்பலகையில் கணக்குப் போடும்போதே அடுத்த படி மறந்து நின்றுவிடுகிறேன். மருத்துவர் பத்து நிமிட நினைவாற்றல் பரிசோதனை ஒன்றைச் செய்தார். 30-க்கு 27 வந்தது. இயல்பான அளவுதான் என்றவர், உளவியலாளரிடம் மூன்று மணி நேரப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் "எல்லாம் உன் மனப்பிரமை" என்கிறார்கள். இது அவசியமா? நான் நடிக்கிறேன் என்று முடிவு கட்டிவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: அவசியம் செய்துகொள்ளுங்கள், சகோதரி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதலில் செய்தது 'மோக்கா' பரிசோதனையாக இருக்கலாம். அதில் 26-உம் அதற்கு மேலும் இயல்பான அளவு. நினைவுத் திறனில் தெளிவான சரிவு இருக்கிறதா என்று விரைவாகப் பார்ப்பதற்கான கருவி அது. நன்கு படித்து, அன்றாடம் எண்களோடு பழகும் ஒருவர், தமது பழைய திறனில் கணிசமாக இழந்திருந்தாலும் அதில் தேறிவிட முடியும். லூபஸ் நோயாளிகளில் பலருக்குக் குறைவது கவனமும், சிந்தனையின் வேகமும், உரிய சொல் உடனே வாயில் வருவதும்தான். பத்து நிமிடத்தில் இவற்றை ஆழமாக அளக்க இயலாது. மூட்டு, வாத நோய் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி 1999-இல் வகுத்த, லூபஸ் தொடர்பான 19 நரம்பியல், மனநலக் கோளாறுகளின் பட்டியலில் அறிவுத்திறன் குறைபாடும் இடம்பெற்றிருக்கிறது. ஆகவே இதை மனப்பிரமை என்று வீட்டார் தள்ளுவது நியாயமல்ல. அதே சமயம், இதை முதியோரின் அல்சைமர் நோயோடு குழப்பிக்கொண்டு அஞ்சவும் வேண்டாம்.

நீண்ட பரிசோதனையில் பதினைந்து சொற்களை ஐந்து முறை வாசித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். அரை மணி நேரம் போல வேறு வேலை கொடுத்துவிட்டு மீண்டும் கேட்பார்கள். எண்களுக்கு உரிய குறிகளை வேகமாக நிரப்புவது, சிக்கலான படம் ஒன்றைப் பார்த்து வரைந்து பின்னர் நினைவிலிருந்து வரைவது போன்றவையும் இருக்கும். உங்கள் ஊரிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட பரிசோதனைத் தொகுப்பில் 16 முதல் 65 வயது வரையிலான இந்தியர்களுக்கு, வயதையும் கல்வியையும் கணக்கில் கொண்ட ஒப்பீட்டு அளவுகள் உள்ளன.

நேரம் குறிக்கும்போதே, எந்த மொழியில் நடத்துவார்கள் என்று கேளுங்கள். கடைத்தெருவில் கன்னடமும் வகுப்பில் ஆங்கிலமும் வீட்டில் தமிழும் பேசும் உங்களைப் போன்றவர்களுக்குச் சரளமில்லாத மொழியில் சொற்பட்டியலைக் கொடுத்தால், மொழியின் குறை மூளையின் குறையாகப் பதிவாகிவிடும். இதை வலியுறுத்திக் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

விரல் மூட்டு வலி இருந்தால் பென்சில் வேலைகள் தாமதமாகும். லூபஸுக்குத் தரப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து பார்வையைப் பாதிக்கக்கூடும் என்பதால், அதை எடுப்பவர் என்றால் விழித்திரைப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். ஸ்டீராய்டு தூக்கத்தையும் மனநிலையையும் பாதிக்கக்கூடும். இவற்றையும், முந்தைய இரவின் தூக்கத்தையும் தொடங்கும் முன்பே உளவியலாளரிடம் சொல்லிவிடுங்கள். பரிசோதனைக்காக எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. சோர்வு மிகுந்தால் இரண்டு அமர்வுகளாகப் பிரிக்கக் கேட்கலாம். ஆனால் இரண்டாவது மணியில் நீங்கள் தளர்வது வகுப்பில் நடப்பதையே காட்டும் என்பதால் அதையும் அவர் குறித்துக்கொள்வது நல்லது. இணையத்தில் தேடிப் பயிற்சி செய்துவிட்டுப் போகாதீர்கள். முடிவு பயனற்றுப் போகும்.

முயற்சி முழுமையாக இருந்ததா என்று அறியச் சில பகுதிகள் இருப்பது வழக்கம். இயன்றவரை மனமொன்றிச் செய்தால் அதைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. முடிவு இயல்பாகவே வந்தாலும் உங்கள் சிரமம் பொய்யாகிவிடாது. இரத்தசோகை, தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு, இரத்தம் உறையத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிபிட் எதிர்ப்பொருள் ஆகியவற்றை எப்படியும் பார்த்தாக வேண்டும். பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய அளவும் கையில் இருக்கும். முடிவை விளக்கும் நாளில் கணவரையோ வீட்டில் வேறொருவரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். பள்ளிக்கு அறிக்கை முழுவதையும் கொடுக்காதீர்கள். தொடர்ச்சியாக வகுப்புகள் வேண்டாம், இடையில் ஓய்வு வேண்டும் என்பது போல் தேவையானதை மட்டும் குறிப்பிட்டு மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள்.