ஸ்டியரிங் இறுகிய கார்: யாரிடம் இழப்பீடு கேட்பது?

கேள்வி: நான் திருகோணமலையில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். ஒன்பது வாரங்களுக்கு முன்னர் வாகன விற்பனை நிலையம் ஒன்றில் 660 சிசி பழைய ஜப்பானியக் கார் ஒன்றை வாங்கினேன். மூன்றாம் வாரத்திலேயே ஸ்டியரிங் கல்லாகக் கனக்கத் தொடங்கிவிட்டது. உவர்மலை ஏற்றத்தில் திரும்புவதற்கு இரண்டு கைகளாலும் இழுக்க வேண்டியிருக்கிறது. கராஜ் ஒன்றில் ஸ்டியரிங் ரேக்கை (ஸ்டியரிங் திரும்புவதை முன் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்தண்டை) மாற்றியும் பாரம் குறையவில்லை. விற்றவரோ, “பின்னர் முறைப்பாடு ஏற்கப்படாது” என்று பற்றுச்சீட்டில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார். இருவர் மீதும் வழக்குத் தொடரலாமா?

பதில்: தொடரலாம், ஆனால் கோளாறு எதில் இருக்கிறது என்று எழுத்தில் தெரியாத வரையில், யார் பொறுப்பாளி என்பதை நீதிமன்றத்துக்கு உங்களால் சொல்ல முடியாது. முன் டயர்களில் காற்று குறைந்திருந்தால் விற்றவரைக் குறை கூற முடியாது. ஸ்டியரிங்குக்கு உதவும் மின்மோட்டாரோ அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியோ வாங்கும்போதே பழுதாகியிருந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். பிழை ரேக்கில் இல்லாதபோது அதைக் கழற்றிப் பணம் வாங்கியிருந்தால் கராஜ்காரர் பதில் சொல்ல வேண்டும். டயர் காற்றை ஒருமுறைகூடப் பார்க்காமல் என்னிடம் கோரிக்கைக் கடிதம் எழுதச் சொல்லி வந்தவர்கள் உண்டு.

ஆகவே, தொடர்பில்லாத வேறொரு மெக்கானிக்கிடம் காரைக் காட்டுங்கள். இவ்வகைச் சிறிய கார்களில் பெரும்பாலும் எண்ணெய்ப் பம்புக்குப் பதிலாக மின்மோட்டார்தான் ஸ்டியரிங்குக்கு உதவி செய்கிறது. அதற்கு மின்சாரம் நிறையத் தேவைப்படுவதால், பற்றரி தளர்ந்திருந்தாலும், ஓல்டர்னேட்டர் சரியாக மின்னேற்றாவிட்டாலும், கடற்காற்றில் பாடியோடு இணைக்கும் எர்த் வயர் துருப்பிடித்திருந்தாலும் உதவி குறைந்து போகலாம். முன் சக்கரங்கள் இரண்டையும் ஜக் வைத்துத் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்நிலையிலும் இறுகினால் ரேக், போல் ஜொயின்ட், ஷொக் அப்சோபரின் மேல் பேரிங், ஸ்டியரிங் தண்டின் மூட்டு ஆகியவற்றில் எதுவோ சிக்குகிறது. இலகுவாகத் திரும்பினால், டயரையும் மின் உதவியையும்தான் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டு விடயங்களில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. சாவியை ஓன் நிலைக்குத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஸ்டியரிங் எச்சரிக்கை விளக்கு சில நொடி எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியபின் அணைய வேண்டும். அது எரியவே இல்லையென்றால் கோளாறில்லை என்று பொருளல்ல. பல்ப் போயிருக்கலாம், அல்லது எவரேனும் அதைத் துண்டித்திருக்கலாம். துண்டித்தது விற்றவர்தான் என்று நிரூபிக்க முடிந்தால் இது வெறும் தரக்குறைவு அல்ல, மறைத்து விற்றதாகும்; அந்தப் பற்றுச்சீட்டு வாசகம் அவரைக் காப்பாற்றும் என்று நான் நினைக்கவில்லை. அடுத்தது, ஸ்கேனர் பொருத்தும்போது காரின் கணினியில் பதிவாகியுள்ள பிழைக் குறியீடுகளை அழிப்பதற்கு முன் அச்சிட்டோ படம் பிடித்தோ வாங்கிக்கொள்ளுங்கள். அழித்துவிட்டால் பெரிய சான்றொன்றை இழந்தவராவீர்கள். மெக்கானிக் கையொப்பமிட்டுத் திகதியுடன் தரும் அறிக்கையும் பிறகு பயன்படும். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45 ஆம் பிரிவு நிபுணர் கருத்தை ஏற்கிறது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, இன்ன தேவைக்கு என்று விற்பனையாளரிடம் கூறி, அவருடைய அறிவை நம்பி வாங்கிய பொருள் அத்தேவைக்கு ஓரளவு பொருந்த வேண்டும் என்பது உட்கிடையான நிபந்தனை, அதாவது எழுதப்படாவிட்டாலும் இருப்பதாகக் கொள்ளப்படும் நிபந்தனை. அதே சட்டம், வெளிப்படையான உடன்பாட்டினால் அந்நிபந்தனையை விலக்கிக்கொள்ளவும் இடமளிக்கிறது. எனவே அந்த அச்சு வாசகத்தை அலட்சியம் செய்யாதீர்கள். பணம் கொடுப்பதற்கு முன்னர் அதை உங்களுக்குக் காட்டினாரா, பின்னர்தான் கையில் தந்தாரா என்பதை நன்றாக நினைவுபடுத்தி எழுதி வையுங்கள். ஓட்டிப் பார்த்தபோதே தெரிந்திருக்க வேண்டிய குறையென்றால் உங்கள் நிலை பலவீனப்படும்; ஆனால் மூன்றாம் வாரத்தில் தோன்றிய குறை அப்படியானதென்று அவர் வாதிடுவது கடினம்.

கராஜைப் பொறுத்தவரை, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், சேவை உரிய கவனத்துடனும் திறமையுடனும் வழங்கப்பட வேண்டும் என்ற உட்கிடை உத்தரவாதத்தைச் சுமத்துகிறது. இதே சட்டத்தின் கீழ் அதிகார சபைக்குச் செய்யும் முறைப்பாடு, விற்பனை அல்லது சேவை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் சேர வேண்டும். ஒன்பது வாரங்கள் கழிந்துவிட்டதால், கார் விற்றவரைப் பற்றிய முறைப்பாட்டுக்கு உங்களிடம் எஞ்சியிருப்பது ஏறத்தாழ ஒரு மாதமே. மெக்கானிக் அறிக்கை தாமதமானாலும் முறைப்பாட்டை முதலில் கொடுத்துவிடுங்கள், அறிக்கையைப் பின்னர் இணைக்கலாம். விசாரணையின் முடிவில் இழப்பீடு வழங்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ அதிகார சபை உத்தரவிடலாம். அதில் தீராவிட்டால், தொகையைப் பொறுத்து முதலில் மத்தியஸ்த சபைக்கும், இணக்கம் ஏற்படாவிட்டால் அதைக் கூறிச் சபை தரும் சான்றிதழுடன் நீதிமன்றத்துக்கும் போகலாம்.

இதற்கிடையில், ஸ்டியரிங் இந்த நிலையில் இருக்கும் காரைப் பள்ளிக்கு ஓட்டிச் செல்லாதீர்கள். விபத்து நேர்ந்தால் குறையை அறிந்தே ஓட்டினீர்கள் என்பது உங்களுக்கெதிராகவே திரும்பும். கழற்றிய பழைய ரேக் இன்னும் கராஜில் கிடந்தால், பழைய இரும்புக்காரர் எடுத்துக்கொண்டு போவதற்குள் இன்றே கேட்டு வாங்கி வையுங்கள்.