கொழிஞ்சாம்பாறையில் ஜிஎஸ்டி தாக்கல் சேவை: நோட்டீஸ் கொடுத்தும் ஆள் வரவில்லை

கேரள-தமிழக எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையில் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து தருகிறீர்கள், விளம்பர நோட்டீஸ் கொடுத்தும் புதிதாக யாரும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நோட்டீஸை நிறுத்துங்கள். கையில் இருக்கும் நான்கு வாடிக்கையாளர்கள் வழியாகவே அடுத்தவர்களைத் தேடுங்கள். முன்பின் தெரியாதவரிடம் கணக்கை யாரும் ஒப்படைக்க மாட்டார்கள். நீங்கள் எழுதியதில் தெரிவது அந்தத் தயக்கம்தான், கட்டணம் அல்ல.

மாதந்தோறும் 14-ஆம் தேதிக்குப் பிறகு உங்கள் வாடிக்கையாளர்களுடைய ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையை (அவர்களுக்குச் சரக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியல்) கொள்முதல் பில்களோடு ஒப்பிடுங்கள். பில் இருந்தும் அறிக்கையில் வராத வியாபாரி தன் விற்பனைக் கணக்கை 11-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்யாதவராக இருக்கலாம். உங்கள் உதவி தேவைப்படுபவர் அவர்தான். அதனால் உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை) தடைபட்ட உங்கள் வாடிக்கையாளரே, அந்த வியாபாரி பொள்ளாச்சியானாலும் பாலக்காடு மாவட்டச் சித்தூரானாலும், அவரிடம் உங்களை மனமுவந்து அறிமுகப்படுத்துவார். மலையாளக் கடிதங்களைத் தமிழில் விளக்குவீர்கள் என்பதையும் அங்கே சொல்லுங்கள். எல்லையில் அது பெரிய பலம்.

காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர்களைத் தாமதக்காரர்களாக எண்ணிவிடாதீர்கள். ஒருவரின் கணக்கை இன்னொருவரிடம் நீங்களாகக் காட்டவே கூடாது. அறிமுகம் வாடிக்கையாளர் வாயிலிருந்தே வரட்டும்.