'ஷி லுக்ஸ் பியூட்டிஃபுல்' சரி, 'பியூட்டிஃபுல்லி' ஏன் தப்பு?

கேள்வி இதுதான்: 'லுக்' வினைச்சொல் என்றால் அதற்கு அட்வெர்ப்தானே (வினையடை) வர வேண்டும், 'பியூட்டிஃபுல்' என்ற அட்ஜெக்டிவ் (பெயரடை) எப்படி வந்தது?

குழப்பத்தின் வேர் நம் தமிழில் இருக்கிறது. 'அழகான வீடு' என்பதில் பெயரடை. 'அழகாகப் பாடினாள்' என்பதில் வினையடை. ஆனால் 'அழகாக இருக்கிறாள்' என்னும்போதும் நாம் 'அழகாக' என்றே போடுகிறோம். 'ஆக' வந்தால் 'லி' சேர்க்கணும் என்று பள்ளியில் பதிந்துவிடுவதால், கை தானாக 'பியூட்டிஃபுல்லி' என்று எழுதிவிடுகிறது. ஆங்கிலத்துக்கு இந்த இரண்டு 'அழகாக'வும் வேறு வேறு. பாட்டு எப்படி நடந்தது என்று சொன்னால் 'பியூட்டிஃபுல்லி'. ஆள் எப்படி இருக்கிறாள் என்று சொன்னால் 'பியூட்டிஃபுல்'. இங்கே 'லுக்ஸ்' ஒரு செயலைச் சொல்லவில்லை. 'ஷி'யையும் 'பியூட்டிஃபுல்'லையும் இணைக்கிறது. அதனால்தான் லிங்கிங் வெர்ப், அதாவது இணைப்பு வினை என்று பெயர்.

சோதித்துப் பார்க்க, வினையை எடுத்துவிட்டு 'இஸ்' அல்லது 'வாஸ்' போடுங்கள். 'த சாம்பார் ஸ்மெல்ஸ் குட்' என்பது 'த சாம்பார் இஸ் குட்' ஆகும். வாக்கியம் நிற்கிறது, எனவே அட்ஜெக்டிவ். 'ஷி ஸ்மெல்ட் த சாம்பார் கேர்ஃபுல்லி' என்பதில் 'வாஸ்' போட்டால் அவளே சாம்பார் ஆகிவிடுகிறாள். அது செயல், எனவே அட்வெர்ப்.

லுக், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல், சவுண்ட் எல்லாமே இப்படி இரு பக்கமும் போகும். இங்கே தமிழே கைகொடுக்கும், ஏனென்றால் நம்மிடம் பெரும்பாலும் தனித்தனிச் சொற்கள் உண்டு. சாம்பார் மணக்கிறது, அவள் முகர்ந்து பார்க்கிறாள். 'ஹி லுக்ட் ஆங்ரி' என்றால் கோபமாகத் தெரிந்தான். 'ஹி லுக்ட் ஆங்ரிலி அட் மீ' என்றால் என்னைக் கோபமாகப் பார்த்தான். 'தெரிந்தான்' என்று வந்தால் அட்ஜெக்டிவ், 'பார்த்தான்' என்று வந்தால் அட்வெர்ப். 'சீம்', 'பிகம்' இரண்டிலும் இந்தச் சிக்கல் பொதுவாக வராது. அவை வழக்கமாக இணைப்பு வினைதான்.

அதிகம் தடுக்குவது 'குட்', 'வெல்' ஜோடியில். 'த ஃபுட் டேஸ்ட்ஸ் வெல்' தப்பு, 'குட்' என்றே வர வேண்டும். ஆனால் 'ஹி லுக்ஸ் வெல்' சரி. அங்கே 'வெல்' என்பது உடல்நலத்தைக் குறிக்கும் அட்ஜெக்டிவ். வருத்தத்தைச் சொல்ல 'ஐ ஃபீல் பேட்' போதும். 'பேட்லி' என்று சிலர் பேசினாலும் தேர்வில் எழுத வேண்டாம்.

இன்னொன்று, 'நல்லா இருக்கிற மாதிரி தெரியுது' என்பதை அப்படியே கொண்டுபோய் 'இட் லுக்ஸ் லைக் நைஸ்' என்பது. 'லைக்' வந்தால் பின்னால் பெயர்ச்சொல்லோ முழு வாக்கியமோ வேண்டும்: 'இட் லுக்ஸ் லைக் எ டெம்பிள்'. அட்ஜெக்டிவ் நேராக ஒட்டும்: 'இட் லுக்ஸ் நைஸ்'. அதேபோல 'த காஃபி இஸ் டேஸ்டிங் பிட்டர்' வேண்டாம், 'டேஸ்ட்ஸ் பிட்டர்' என்பதே இயல்பு. 'ஐ ஆம் ஃபீலிங் டயர்ட்' மட்டும் தாராளமாகச் சொல்லலாம்.

மாற்றத்தைச் சொல்லும் வினைகளுக்கு விதி தேடாதீர்கள், ஜோடியாகவே மனதில் வையுங்கள்: பால் 'டர்ன்ட் சவர்', குழம்பு 'வென்ட் பேட்', கனவு 'கேம் ட்ரூ', குழந்தை 'ஃபெல் அஸ்லீப்'. இதில் 'அஸ்லீப்' பொதுவாக இணைப்பு வினைக்குப் பின்னால்தான் வரும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் என்றால் 'எ ஸ்லீப்பிங் பேபி' என்றுதான் எழுத வேண்டும்.