ஒரே தடிமனில் 2 இஞ்ச், 4 இஞ்ச் பி.வி.சி. பைப்: எது அதிக பிரஷர் தாங்கும்?

2 இஞ்ச்தான். ‘பெரிய பைப், அதனால் பலமும் அதிகம்’ என்பது கண்ணுக்குத் தோன்றுவது, கணக்கு வேறு.

63 மி.மீ. வெளிவிட்டமுள்ள (2 இஞ்ச்) 6 கிலோ பைப்பில், அதாவது சதுர செ.மீ.க்கு 6 கிலோ பிரஷர் தாங்கும் பைப்பில், 10 செ.மீ. துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் 2.2 மி.மீ., உள்விட்டம் 58.6 மி.மீ. உள்ளே 6 கிலோ பிரஷர் இருந்தால், துண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கப் பார்க்கும் விசை 5.86 × 10 × 6, அதாவது சுமார் 352 கிலோ. இழுத்துப் பிடிப்பது இரண்டு பக்கச் சுவர் மட்டும்: 2 × 0.22 × 10 = 4.4 சதுர செ.மீ. ஆக, சுவரில் ஒரு சதுர செ.மீ.க்கு 80 கிலோ.

இதே 2.2 மி.மீ. சுவரில் 110 மி.மீ. (4 இஞ்ச்) பைப் என்றால் தள்ளும் விசை 634 கிலோ ஆகிவிடும். பிடிக்கும் சுவரோ அதே 4.4 சதுர செ.மீ. 144 கிலோ இழுவை! பழைய 80 கிலோவிலேயே சுவரை வைத்திருக்க வேண்டுமானால் பிரஷர் 3.3 கிலோவைத் தாண்டக் கூடாது. அதனால்தான் 110-இல் 6 கிலோ பைப்புக்குச் சுவர் 3.7 மி.மீ. வருகிறது.

கடையில் விளிம்பை விரலால் நெருடிப் பார்த்து ‘நல்ல கனம்’ என்று வாங்குவதில் அர்த்தமில்லை. பைப் மேல் அச்சடித்திருக்கும் சைஸ், கிலோ, ஐ.எஸ். 4985 (பி.வி.சி. பைப்புக்கான இந்தியத் தர எண்) மூன்றையும் படியுங்கள். கிலோ ஒன்றாக இருந்தால் 2 இஞ்சும் 4 இஞ்சும் ஒரே பிரஷர்தான் தாங்கும்.

எத்தனை கிலோ வேண்டும்? 10 மீட்டர் உயரத்துக்கு 1 கிலோ. 40 மீட்டர் ஏற்றினால் 4. ஆனால் கரண்ட் போய் வால்வு படாரென்று மூடும்போது, வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடிய தண்ணீர் மேலும் சுமார் 3 கிலோ அடிக்கும். மொத்தம் 7. அதனால் 6 போதாது, 8 கிலோ பைப் போடுங்கள். இந்த அடியைக் குறைப்பதில் பெரிய பைப்புக்கு லாபம் உண்டு. வினாடிக்கு 5 லிட்டர் தண்ணீர் 63-இல் 1.8 மீட்டருக்கு மேல் ஓடும், 90 மி.மீ. பைப்பில் பாதி வேகம்தான்.

இன்னொன்று, எண்ட் கேப். 6 கிலோ பிரஷரில் 63-இன் மூடியைத் தள்ளுவது சுமார் 160 கிலோ, 110-இல் சுமார் 500. எல்போவில் தள்ளல் இதைவிடவும் அதிகம். 4 இஞ்ச் லைன் திரும்பும் இடத்தில் வெளிப்பக்கம் கான்கிரீட் முட்டுக் கொடுங்கள். வெறும் மண்ணைத் தள்ளி மூடினால் பசை போட்ட ஜாயின்ட் உருவிக்கொண்டு வரும்.